எந்த இடைவெளியை நீக்கலாம்?

ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியல் எக்செல் தாளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாகப் பல பேர் தட்டச்சு செய்து வளர்ந்த பட்டியல். அதைப் பைத்தானில் படித்து, எந்த ஆசிரியருக்கு எத்தனை புத்தகம் என்று எண்ணச் சொன்னால், புதுமைப்பித்தன் நான்கு வரிகளில் வந்து நிற்பார். திரையில் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் ஒன்றின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கும். இன்னொன்றின் முன்னால் ஒரு டேப். மூன்றாவதில், ஏதோ வலைத்தளத்திலிருந்து நகலெடுத்தபோது கூடவே வந்துவிட்ட, ஸ்பேஸ் போலவே தோன்றும் வேறோர் எழுத்து. நான்காவது மட்டுமே வெறும் பெயர். கணினி எண்ணியதில் பிழை இல்லை. அதற்கு இவை நான்கு வெவ்வேறு ஸ்ட்ரிங்குகள்.

நம் கண்ணுக்குக் காலியாகத் தெரிகிற இடம் கணினிக்குக் காலி இல்லை. ‘அ’ என்ற எழுத்துக்கு யூனிகோடில் 2949 என்று ஓர் எண் இருப்பதுபோல ஸ்பேஸுக்கு 32 என்று ஓர் எண் இருக்கிறது. டேபுக்கு 9, புது வரிக்கு 10. ஸ்ட்ரிங் என்பது இந்த எண்களின் வரிசை. கடைசியில் ஒரு 32 கூடினால் அது வேறு வரிசை. ஸ்பேஸை எடுப்பதும் ஓர் உயிரெழுத்தை எடுப்பதும் கணினிக்கு ஒரே வேலைதான். ஆகவே ‘கூடுதல் இடைவெளியை எடுத்துவிடு’ என்று சொல்லும்போது, எது கூடுதல், எது தேவை என்று தீர்மானிக்கும் பொறுப்பு முழுக்க நம்மிடம் வந்துவிடுகிறது. பைத்தான் கருவிகளைத் தருகிறது, தீர்மானத்தைத் தருவதில்லை. (கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நிரலில் அவற்றை ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும்.)

ஓரங்களில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் ஆபத்து குறைவான இடம் அதுதான். பெயர்.ஸ்ட்ரிப்() என்று எழுதினால் பெயரின் இரு முனைகளிலும் ஒட்டியிருக்கும் இடைவெளிகள் போய்விடும்; நடுவில் இருப்பதை அது தொடாது. இடது முனைக்கு மட்டும் எல்ஸ்ட்ரிப், வலது முனைக்கு மட்டும் ஆர்ஸ்ட்ரிப். புதிதாகப் பைத்தான் கற்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தில் தடுக்கி விழுகிறார்கள். பைத்தானில் ஸ்ட்ரிங்கை உள்ளேயே திருத்த முடியாது. ஸ்ட்ரிப் பழைய பெயரைச் சுத்தம் செய்வதில்லை. சுத்தமான புதுப் பெயர் ஒன்றைத் தருகிறது. அதை வாங்கி ஒரு மாறியில் வைக்காவிட்டால் அந்தப் புதுப் பெயர் அப்படியே காற்றோடு போய்விடும், பழைய பெயர் தன் ஸ்பேஸோடு அங்கேயே இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிக்க நேரமாகும்.

அடுத்து நடுப்பகுதி. இரண்டு சொற்களுக்கு இடையில் மூன்று ஸ்பேஸ் இருக்கிறது; ஒன்றாக்க வேண்டும். ‘இரண்டு ஸ்பேஸைக் கண்டால் ஒரு ஸ்பேஸாக மாற்று’ என்று ரீப்ளேஸ் கட்டளை கொடுக்கத் தோன்றும். அது இடமிருந்து வலமாக ஒருமுறை மட்டும் போகும். முதல் இரண்டை ஒன்றாக்கிவிட்டு மூன்றாவதை அடையும். அங்கே இருப்பது தனி ஸ்பேஸ், அதை விட்டுவிடும். மூன்று இருந்த இடத்தில் இரண்டு மிஞ்சும். நான்கு இருந்தாலும் இரண்டுதான் மிஞ்சும். மாறாத வரை திரும்பத் திரும்ப ஓட்டலாம், ஆனால் பைத்தான்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. வரியை ஸ்ப்ளிட்() செய்து, கிடைக்கும் சொற்களை ஒரே ஒரு ஸ்பேஸ் வைத்து ஜாயின் செய்துவிடுவார்கள். அடைப்புக்குள் எதுவும் தராமல் ஸ்ப்ளிட்டை அழைத்தால், எவ்வளவு நீளமான இடைவெளியையும், அது ஸ்பேஸும் டேபும் புது வரியும் கலந்ததாகவே இருந்தாலும், ஒரே வெட்டாகக் கொள்ளும்; முனைகளில் இருப்பதையும் உதறிவிடும். ஒரு வரி நிரலில் மொத்த வேலையும் முடிந்துவிடுகிறது. இதே ஸ்ப்ளிட்டுக்கு அடைப்புக்குள் ஒரு ஸ்பேஸைக் கொடுத்தால் குணம் மாறிவிடும்: ஒவ்வொரு ஸ்பேஸிலும் வெட்டி, அடுத்தடுத்த ஸ்பேஸ்களுக்கு நடுவே வெற்று ஸ்ட்ரிங்குகளைப் பட்டியலில் போடும்.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் வழியும் உண்டு. பின்சாய்வுக்கோட்டுடன் எஸ் எழுதினால் ‘ஏதாவது ஓர் இடைவெளி’. பக்கத்தில் கூட்டல் குறி போட்டால் ‘ஒன்றோ அதற்கு மேலோ’. அதைத் தேடி ஒரு ஸ்பேஸாக மாற்றலாம். முனைகளில் மட்டும் ஒவ்வொரு ஸ்பேஸ் மிஞ்சும்; பிறகு ஸ்ட்ரிப் செய்ய வேண்டும். சாதாரண வேலைக்கு ஸ்ப்ளிட்-ஜாயின் போதும் என்பது என் கருத்து. படிக்கிறவருக்கும் சட்டென்று புரியும்.

இதுவரை ‘இடைவெளி’ என்று பொதுவாகச் சொல்லிவந்தேன். பைத்தான் எதையெல்லாம் இடைவெளி என்று ஏற்கிறது? மொத்தம் 29 எழுத்துகளை. யூனிகோட் தரம் இடைவெளி என்று வகுத்திருப்பவை 25. அவற்றோடு, ஒரு காலத்தில் தரவுகளைப் பிரிக்கப் பயன்பட்ட 28 முதல் 31 வரையிலான நான்கு கட்டுப்பாட்டு எழுத்துகளைப் பைத்தான் சேர்த்துக்கொள்கிறது. இந்த 29-ஐயும் வரிசையாகப் பார்த்தால் எழுத்துத் தொழிலின் வரலாறே அதில் படிந்திருப்பது தெரியும்.

10-ஆம் எண்ணும் 13-ஆம் எண்ணும் டெலிபிரின்டர் காலத்தவை. அந்த இயந்திரத்தில் புது வரி தொடங்க இரண்டு அசைவுகள் வேண்டும்: அச்சிடும் தலை இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும், தாள் ஒரு வரி மேலே நகர வேண்டும். முதல் அசைவுக்கு 13, இரண்டாவதற்கு 10. இயந்திரம் போய்விட்டது, ஏற்பாடு தங்கிவிட்டது. விண்டோஸ் இன்றும் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டையும் எழுதுகிறது. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் போன்றவை 10-ஐ மட்டும் எழுதுகின்றன. பைத்தான் ஒரு கோப்பை உரையாகத் திறக்கும்போது இரண்டையும் ஒன்றாக்கித் தந்துவிடுவதால் பெரும்பாலும் நமக்கு இது தெரிவதில்லை. கோப்பை பைட்டுகளாகத் திறந்தாலோ, இணைய வழியில் வரும் தரவை நேரடியாகப் படித்தாலோ, வரிக் கடைசியில் ஒரு 13 ஒளிந்திருக்கும்.

8192 முதல் 8202 வரையிலான பதினோரு எழுத்துகள் அச்சகத்திலிருந்து வந்தவை. ஈய அச்சில் இடைவெளி என்பது கையில் எடுக்கக்கூடிய பொருள். எழுத்தைவிட உயரம் குறைந்த ஈயத் துண்டை இரு சொற்களுக்கு நடுவே செருகுவார்கள். உயரம் குறைவு என்பதால் அதில் மை படாது, தாளில் வெள்ளையாக நிற்கும். வரியின் இரு ஓரமும் நேராக அமைய, எம் என்ற அளவின் அகலம், அதில் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஆறில் ஒன்று, மயிரிழை என்று பல அகலங்களில் துண்டுகள் இருந்தன. அச்சுக்கோப்பவரின் அந்தப் பெட்டிதான் யூனிகோடில் எண்களாக மாறியிருக்கிறது. சீன, ஜப்பானிய எழுத்தின் முழு அகலத்துக்கு இடம்விடும் 12288-உம் இந்தக் குடும்பத்தில் உண்டு. பழைய ஐரிஷ் மொழி எழுதப்பட்ட ஓகம் எழுத்துமுறைக்கென்று 5760-ஆம் எண்ணும் உண்டு. அது பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரு கோடாகவே தெரியும். கண்ணில் தெரிகிற இடைவெளி அது.

நம் அன்றாட வேலையில் அதிகம் தலையிடுவது 160. சொற்கள் வரிக் கடைசியில் பிரிந்துவிடாமல் கட்டி வைக்கும் ஸ்பேஸ் அது. ‘10 கிலோ’ என்பதில் 10 ஒரு வரியிலும் கிலோ அடுத்த வரியிலும் போகக் கூடாது என்றால் நடுவே அதைப் போடுவார்கள். இணையப் பக்கங்களில் அது ஏராளம். புதுமைப்பித்தனின் மூன்றாவது வடிவத்தில் ஒட்டியிருந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஸ்ட்ரிப்பும் ஸ்ப்ளிட்டும் 160-ஐ இடைவெளியாக ஏற்பதால் தாமாகவே அகற்றிவிடும். ஆனால் அடைப்புக்குள் ஒரு சாதாரண ஸ்பேஸைக் கொடுத்து ஸ்ட்ரிப் செய்தால் 32-ஐ மட்டுமே தேடும், 160 தப்பிவிடும்.

இதே குடும்பத்தின் இன்னோர் உறுப்பினர், 8239 என்ற ஒடுங்கிய பிரியா ஸ்பேஸ், உலகம் முழுக்க நிரலர்களைத் திணறடித்தது. நாள், நேரம், எண் ஆகியவற்றை ஒவ்வொரு மொழியிலும் எப்படி எழுதுவது என்பதற்கான பொதுத் தரவுத் தொகுப்பை யூனிகோட் அமைப்பு பராமரிக்கிறது. 2022-இல் வெளிவந்த அதன் 42-ஆம் பதிப்பில், ஆங்கில நேர வடிவத்தில் மணிக்கும் ஏ.எம்., பி.எம். என்பதற்கும் நடுவே இருந்த சாதாரண ஸ்பேஸ் 8239-ஆக மாறியது. திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்த நேரத்தைத் திரும்பப் படித்துப் பிரிக்கும் நிரல்கள் 32-ஐ எதிர்பார்த்து நின்றன, உடைந்தன. குரோம் உலாவி பழைய ஸ்பேஸுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அச்சு அழகு என்ற நோக்கில் அந்த மாற்றம் நியாயமானது. இடைவெளி எதையும் செய்யாது என்று எல்லோரும் நம்பியிருந்ததுதான் சிக்கல்.

ஸ்ட்ரிப்புக்கு அகப்படாத ஒரு கூட்டமும் இருக்கிறது. அகலமே இல்லாத எழுத்துகள் இவை. யூனிகோட் இவற்றை இடைவெளி வகையில் சேர்க்கவில்லை, எனவே பைத்தானும் சேர்ப்பதில்லை. முக்கியமானது 65279. எக்செல்லிலிருந்து யூடிஎஃப்-8 வடிவில் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கோப்பின் முதல் எழுத்தாக அது உட்கார்ந்துகொள்ளும். ‘இந்தக் கோப்பு யூனிகோட்’ என்பதற்கான முத்திரை. பைத்தான் அதை முதல் நெடுவரிசையின் தலைப்போடு சேர்த்துப் படித்துவிடும். ‘பெயர்’ என்ற நெடுவரிசையைக் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்று பிழை வரும்; தலைப்புகளை அச்சிட்டுப் பார்த்தால் ‘பெயர்’ கண்ணெதிரே இருக்கும். இதற்கு ஸ்ட்ரிப் உதவாது. கோப்பைத் திறக்கும்போதே குறியாக்கத்தை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்தால் முத்திரையை நீக்கிவிட்டுத் தரும்.

இத்தனையையும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதால், சுத்தம் செய்யும் முன் ரெப்ர் என்ற செயற்கூற்றால் ஸ்ட்ரிங்கை அச்சிட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அது தமிழ் எழுத்துகளை அப்படியே காட்டும். டேப், 160, 65279 போன்றவற்றைப் பின்சாய்வுக்கோட்டுடன் கூடிய குறியீடாக வெளியே இழுத்துப் போடும். ஐந்து நிமிட வேலை. எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிவிட்டால், எந்தக் கருவி தேவை என்பது அநேகமாகத் தானாகவே விளங்கிவிடும்.

அப்படிப் பார்க்கும்போது தமிழ் உரைகளில் 8204 அடிக்கடி தென்படும். அகலமற்ற இணைப்பு நீக்கி. இங்கேதான் நான் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் ‘முழுச் சுத்தம்’ நிரல்கள் பலவும் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை ஒட்டுமொத்தமாக அள்ளி எறிகின்றன. யூனிகோட் தமிழில் க், ஷ இரண்டும் அடுத்தடுத்து வந்தால் எழுத்துரு அவற்றைக் கூட்டெழுத்தாக்கிவிடும். ரிக்ஷா என்பதில் க்-உம் ஷா-வும் தனித்தனியே நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நடுவே 8204-ஐ இடுகிறார்கள். பத்திரிகைகளிலும் பதிப்பகங்களிலும் இது பரவலான வழக்கம். அது எழுதியவர் தெரிந்து செய்த தேர்வு. தேடலுக்கான பிரதி தயாரிக்கும்போது அதை நீக்கலாம், நீக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வடிவத்தைத் தேடுகிறவருக்கு இன்னொன்று கிடைக்காது. ஆனால் அச்சுக்குப் போகும் பிரதியில் அதை நீக்குவது எழுதியவர் கையைத் தட்டிவிடுவது.

தமிழிலாவது தோற்றம் மட்டும் மாறும், சொல் பிழைத்துக்கொள்ளும். சிங்களத்தில் நிலைமை வேறு. ‘ஸ்ரீ’ என்பதைச் சிங்களத்தில் சரியாக எழுத 8205 என்ற அகலமற்ற இணைப்பி நடுவே இருந்தாக வேண்டும். அதை நீக்கினால் இலங்கையின் பெயரே அந்நாட்டு எழுத்தில் உடைந்து தெரியும். பாரசீகத்தில் வினைச்சொல்லின் முன்னொட்டைப் பிரித்துக் காட்டுவது 8204தான். எமோஜிகளில் அப்பா, அம்மா, குழந்தைகள் சேர்ந்த குடும்பப் படம் 8205-ஆல் ஒட்டப்பட்டது; அதை எடுத்தால் குடும்பம் தனித்தனி ஆட்களாகப் பிரிந்துவிடும்.

தமிழுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறொரு பக்கம் இருக்கிறது. ‘சொல்லெழுத்தும் இடைவெளியும் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கு’ என்ற ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்று பாடப்புத்தகங்களில் சாதாரணமாக வரும். ஆங்கிலத்தில் அது நிறுத்தக்குறிகளை நீக்கும். பைத்தானில் கூடவே வரும் தொகுதியின் கணக்கில், தமிழின் புள்ளியும் கால், கொம்பு, விசிறி முதலிய உயிர்க்குறிகளும் சொல்லெழுத்து அல்ல. அதனால் ‘தமிழ்’ என்று உள்ளே போவது ‘தமழ’ என்று வெளியே வரும். ‘விலை’ ‘வல’ ஆகும். ‘கட்டி’ ‘கடட’ ஆகும். பல்லாயிரம் வரிகளை இப்படி ஓட்டிவிட்டு, மூலக் கோப்பின் மேலேயே எழுதியும் விட்டால் மீட்க வழியில்லை. நீக்க வேண்டிய குறிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு நீக்குவதே தமிழுக்குப் பாதுகாப்பான முறை.

ஸ்ட்ரிப் குடும்பத்திலும் இதேபோல் ஒரு பொறி உண்டு. சொற்களின் ஈற்றில் வரும் ‘ம்’ என்ற எழுத்தை நீக்க எண்ணி, ஆர்ஸ்ட்ரிப்புக்குள் ‘ம்’ என்று கொடுக்கிறோம். ‘மாதம்’ ‘மாத’ ஆகிறது; சரி என்று தோன்றுகிறது. ஆனால் ஆர்ஸ்ட்ரிப் அதை ஓர் எழுத்தாகப் பார்ப்பதில்லை. ம என்ற குறியெண், புள்ளி என்ற குறியெண், இவ்விரண்டில் எது கடைசியில் இருந்தாலும் உரித்துக்கொண்டே போகும். ‘தமிழ்’ என்ற சொல்லில் ம் ஈறு இல்லை, இருந்தும் கடைசியில் ஒரு புள்ளி இருக்கிறது. அதை உரித்து ‘தமிழ’ என்று தந்துவிடும். 2020-இல் வந்த பைத்தான் 3.9 பதிப்பில் இதற்கென்றே ரிமூவ்சஃபிக்ஸ், ரிமூவ்பிரிஃபிக்ஸ் என்ற இரண்டு மெதட்களைச் சேர்த்தார்கள். அவை கொடுத்ததை முழுதாகப் பொருத்திப் பார்க்கும், பொருந்தாவிட்டால் தொடாது.

எழுத்து எல்லாம் சரி, இடைவெளியை மட்டுமே தொடுகிறோம் என்றாலும் கேள்வி முடிவதில்லை. டேபால் பிரித்த பட்டியலை எடுத்துக்கொள்வோம். பெயர், தொலைபேசி, ஊர் என்று மூன்று நெடுவரிசை. ஒருவருக்குத் தொலைபேசி எண் இல்லை; அங்கே இரண்டு டேப் அடுத்தடுத்து இருக்கும். வெறும் ஸ்ப்ளிட்() இரண்டையும் ஒரே வெட்டாகக் கொண்டுவிடும். ஊர்ப் பெயர் தொலைபேசியின் இடத்துக்கு நகர்ந்துவிடும். அங்கே டேபைக் கொடுத்துத்தான் ஸ்ப்ளிட் செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே ஸ்ட்ரிப் செய்யலாம். மார்க்டவுனில் வரிக் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் இருந்தால் அங்கே வரியை முறி என்று பொருள். மேக் என்ற கருவியின் கோப்பில் கட்டளை வரிகள் வழக்கமாக டேபில்தான் தொடங்க வேண்டும்; ஸ்பேஸாக மாற்றினால் ஓடாது. பைத்தானிலேயே, எந்த வரி எந்த நிபந்தனைக்குள் அடங்கும் என்பதை வரித் தொடக்கத்து இடைவெளிதான் தீர்மானிக்கிறது. நிரலையே உரையாக எடுத்துத் திருத்தும் வேலையில் எல்ஸ்ட்ரிப்பை ஓட்டினால் நிரல் செத்துவிடும். எல்லா வரிகளுக்கும் பொதுவான இடது ஓரத்தை மட்டும் கழிக்க டெடென்ட் என்ற செயற்கூறு டெக்ஸ்ட்ராப் தொகுதியில் இருக்கிறது. உள்தள்ளல்களின் உறவு அதில் குலையாது.

செய்யுளை மின்னுரையாக்குகிறவர்கள் இதை இன்னும் கூர்மையாக உணர்வார்கள். குறளில் முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. அச்சில் இருக்கும் ஸ்பேஸ்கள் சீர்களைப் பிரிக்கின்றன. பல இடங்களில் சொல்லின் நடுவே கூட விழுகின்றன. முழு நூலையும் ஸ்ப்ளிட்-ஜாயின் செய்தால் அடி எல்லை மறைந்துவிடும், எது எந்த அடியின் சீர் என்பது போய்விடும். இங்கே வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்குள்ளும் இருக்கும் இரட்டை ஸ்பேஸ்களை ஒன்றாக்கி, மறுபடி புது வரி எழுத்தால் கோக்க வேண்டும். பாக்களுக்கு நடுவே உள்ள வெற்று வரி ஒன்றையும் காப்பாற்ற வேண்டும்.

யூனிகோடின் இயல்பாக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம், பார்வைக்கு ஒன்று. என்எஃப்சி என்ற முறை இதை ஒன்றாக்கும், அதைத் தயங்காமல் செய்யலாம். என்எஃப்கேசி என்ற இன்னொரு முறை 160 போன்ற ஸ்பேஸ்களையும் சேர்த்து 32 ஆக்கிவிடும் என்பதால் ஆசை காட்டும். ஆனால் அது மேல்நிலை எண்ணையும் தரைக்கு இறக்கிவிடும்: பத்தின் வர்க்கம் என்று எழுதியிருந்தது 102 ஆகிவிடும். கணக்கோ அறிவியலோ கலந்த உரைக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியில் சுத்தம் செய்தாலும் ஒரு சோதனையை நிரலின் கடைசியிலேயே எழுதி வைத்துவிடலாம். மூல உரையை ஸ்ப்ளிட் செய்து நடுவில் எதுவும் வைக்காமல் ஜாயின் செய்தால், எல்லா இடைவெளியும் போய் எழுத்துகள் மட்டும் மிஞ்சும். சுத்தம் செய்த உரையையும் அப்படியே செய்ய வேண்டும். இடைவெளியை மட்டுமே தொட்டிருந்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். ஒரு புள்ளி, ஒரு கொம்பு, ஒரு 8204 குறைந்திருந்தாலும் ஒப்பீடு தோற்கும். நிரலை அங்கேயே நிறுத்தி, எந்த வரியில் வேறுபட்டது என்று காட்டச் சொல்லலாம். மூலக் கோப்பைத் தொடாமல் புதுக் கோப்பில் எழுதியிருந்தால், அந்த வரியைத் திறந்து பார்த்து, போனது அழுக்கா எழுத்தா என்று முடிவு செய்துகொள்ளலாம்.